யார் பண்டிதர்?

2020-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு விவகாரம் கிளம்பிற்று. அந்நாட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கக் காத்திருந்த ஜோ பைடன் அவர்களின் மனைவியார் ஜில் பைடன் அவர்கள், தமது பேருக்கு முன்னால் “டாக்டர்” என்று போட்டுக் கொள்வதை விட்டுவிட வேண்டுமென்று, அங்குள்ள ஒரு பெரிய தினசரியில் ஒருவர் உபதேசம் செய்து கட்டுரை எழுதினார். அம்மையார் எழுதிய ஆராய்ச்சியின் தலைப்பைக் கூட அவர் இளக்காரமாகவே பேசினார். அதன் மேல் பெரிய கூச்சலும் மறுப்பும் எழுந்தன.

அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று கேட்பீர்கள். சமுதாயக் கல்லூரியில் வந்து சேருகின்ற மாணாக்கர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அவர்களை நிற்காமல் படிக்க வைப்பதற்குக் கல்லூரி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. டெலவேர் சர்வகலாசாலை 2007-ல் அதற்குப் பட்டம் கொடுத்தது. எழுதியவரோ அப்படிப்பட்ட கல்லூரிகளில் பல வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கணவர் நாட்டுத் தலைவராயிருந்த காலத்திலும் கூட, வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் சம்பளத்துக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தி வந்தவர்.

நாம் பட்டங்களின் மீது மோகம் கொண்டவர்கள் அல்ல. கலாசாலைப் படிகளை மிதித்துப் பட்டம் வாங்கியவர்களும் அல்ல. எழுத்துக் கூட்டிப் படித்து, கிடைத்த புஸ்தகத்தை எல்லாம் புரட்டி, நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவர்கள். ஆகவே உலகத்திலுள்ள பட்டங்களையெல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டிக் கடலில் போடுவதென்றால் முதலில் கை கொடுக்க நாம் தயார். ஆனால் அந்த மூட்டைக்குள் முதன் முதலாகப் போட வேண்டியது ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆராய்ந்த ஒரு உபாத்தியாயரின் பட்டந்தானா என்பதே நமது கேள்வி. பெரிய சர்வகலாசாலைகளிலே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான டாக்டர்களைப் பார்த்து இப்படி ஒருவரும் கேட்கக் காணோம். ஒரு சாமானியக் கல்லூரியில் வேலை பார்ப்பவர் போட்டுக் கொண்டால் மட்டும் அது ஏன் கண்ணை உறுத்த வேண்டும்?

நிற்க. சமுதாயக் கல்லூரி என்பது என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் படிப்பு முடித்தவர்களுக்கு, சர்வகலாசாலையின் முதல் இரண்டு வருஷப் படிப்பையும், தொழிற்படிப்புகளையும் குறைந்த சம்பளத்தில் சொல்லிக் கொடுக்கின்ற கல்லூரிகளுக்கே அந்தப் பெயர். இலினாய்ஸ் மாகாணத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901-ல் ஆறே ஆறு மாணாக்கர்களோடு ஆரம்பிக்கப்பட்ட கல்லூரியைத்தான் அவ்வகையில் முதலாவது என்று சொல்லுகிறார்கள். ஆதியில் இவற்றுக்கு “இளநிலைக் கல்லூரி” என்று பெயர். நாட்டுத் தலைவர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் கமிஷன் 1947-ல் வெளியிட்ட அறிக்கைதான் “சமுதாயக் கல்லூரி” என்ற பெயரை நாடெங்கும் பரப்பிற்று. இன்று சுமார் ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வருகின்ற தொழிலாளி, பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வருகின்ற பெண், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்து பாஷை கற்றுக் கொள்ளுகின்ற குடும்பத்தான், நாற்பது வயதில் வேலை போய் வேறு தொழில் பழக வருகின்றவன் ஆகிய எல்லோருக்கும் திறந்திருக்கின்ற கதவு அது ஒன்றுதான்.

கதவு திறந்திருப்பது நல்லதே. ஆனால் அந்த வீட்டைக் கட்டிய போதே கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு சுவரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஜோலியட் கல்லூரி ஏற்படுவதற்குத் துணையாயிருந்த சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அவர்களின் எண்ணமே, முதல் இரண்டு வருஷப் பாடத்தை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டால் சர்வகலாசாலை ஆராய்ச்சியிலேயே கவனம் செலுத்தலாம் என்பதுதான். கலிபோர்னியா மாகாணம் 1960-ல் செய்த திட்டத்திலோ இது பட்டவர்த்தனமாகவே எழுதப்பட்டது. மாகாணத்தின் பள்ளி மாணாக்கரில் மேல்தட்டில் தேறுகின்ற எட்டில் ஒரு பங்கினருக்குச் சர்வகலாசாலை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மாகாணக் கல்லூரி. மற்றபடி வருகின்ற யாவருக்கும் இளநிலைக் கல்லூரி. ஆராய்ச்சி என்பது சர்வகலாசாலையின் காரியம். இளநிலைக் கல்லூரியின் காரியம் பாடம் சொல்லுவது.

வேலையைப் பிரித்துக் கொண்டது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. ஏராளமான ஏழை மக்கள் அந்தத் திட்டத்தினால் படித்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வேலையைப் பிரித்ததோடு காரியம் நின்றதா? வேலைப் பிரிவினை நாளடைவில் ஆள் பிரிவினை ஆகிவிட்டது. “இவர் இந்த வேலை செய்கிறார்” என்பது போய், “இவர் இந்த வேலைக்குத்தான் லாயக்கு” என்று ஆகிவிட்டது. பாடம் சொல்லுகின்றவன் ஆராயத் தெரியாதவன், ஆராயத் தெரிந்திருந்தால் இங்கே ஏன் வருகிறான் என்கின்ற எண்ணம் ஜனங்களிடத்தில் மாத்திரமல்ல, படித்தவர்களிடத்திலும் குடியேறிவிட்டது. இது எப்படி நடக்குமென்பதை நமது வாசகர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த உபாத்தியாயர்களின் நிலைமையைப் பாருங்கள். சமுதாயக் கல்லூரியில் முழுநேரம் வேலை பார்க்கின்றவர் ஒரு பருவத்துக்கு ஐந்து வகுப்புகள், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் பாடம் நடத்துவது வழக்கம். பதினைந்து மணிதானே என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்புக்கு 30 பேர் என்று வைத்துக் கொண்டால் ஐந்து வகுப்புக்கு 150 பேர். ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் படித்துத் திருத்தினால் முப்பத்தேழரை மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு கட்டுரைக்கு ஒரு வாரத்து வேலை தனியாகப் போயிற்று. பாடம் தயார் செய்வதும், சந்தேகம் கேட்டு வருபவனுக்குப் பதில் சொல்வதும், கூட்டங்களுக்குப் போவதும் இதற்கு மேல்.

இதுவும் முழுநேரக்காரர்களின் கதை. இக் கல்லூரிகளின் உபாத்தியாயர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரக்காரர்கள். காலையில் ஒரு ஊர்க் கல்லூரி, மத்தியானம் வேறொரு ஊர்க் கல்லூரி, இரவு மூன்றாவது கல்லூரி என்று காரை ஓட்டிக் கொண்டு அலைகின்றவர்கள் அவர்களில் உண்டு. உட்கார ஒரு அறையும், அடுத்த பருவத்துக்கு வேலை உண்டென்கின்ற உறுதியும் இல்லாதவர்கள் அநேகர். இப்படிப்பட்டவர் ஒரு கட்டுரையோ புஸ்தகமோ எழுதி வெளியிட்டார் என்றால், அதை எந்த நேரத்தில் எழுதினார்? தூக்கத்தையும் ஓய்வு நாளையும் குடும்பத்தோடு இருக்கும் நேரத்தையும் எடுத்துக் கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

“சரி, அப்படி எழுதித்தான் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்கள்?” என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆதாரமில்லாமல் புகழுவது நமது வேலையல்ல. ஆகையால் சில பேரைச் சொல்லுகின்றோம்.

கலிபோர்னியாவில் டி ஆன்ஸா கல்லூரி என்று ஒன்று. அங்கே தோழர்கள் பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் என்ற இரண்டு பெண் உபாத்தியாயர்கள் புள்ளிவிவரக் கணிதம் நடத்தி வந்தார்கள். பல வருஷம் வகுப்பிலே நடத்தி நடத்தி, மாணாக்கன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தி, ஒரு பாடப் புஸ்தகம் எழுதினார்கள். பிறகு ஒரு தருமநிதி அதன் உரிமையை விலைக்கு வாங்கி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்துவிட்டது. அதைத் தழுவியே ரைஸ் சர்வகலாசாலையின் ஓபன்ஸ்டாக்ஸ் நிலையம் 2013-ல் புள்ளிவிவரத்துக்கான தனது இலவசப் பாடநூலை வெளியிட்டது. அது சமுதாயக் கல்லூரிகளில் மட்டுமன்றிச் சர்வகலாசாலைகளிலும் பாடமாயிற்று. அதாவது, கீழ்வாசலில் நின்றவர்கள் எழுதியதை மேல்வாசலில் உள்ளவர்கள் படிக்கின்றார்கள்.

அதே மாகாணத்தில் ஃபுல்லர்டன் கல்லூரியில் பௌதிகம் நடத்திய தோழர் பெஞ்சமின் க்ரோவெல், “ஒளியும் பொருளும்” என்று பொருள்படும் பெயரில் பௌதிகப் புஸ்தகங்களை எழுதி, அவற்றை யாரும் எடுத்துக் கொள்ளலாம், அச்சடித்துக் கொள்ளலாம், திருத்திக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒஹாயோ மாகாணத்தில் லேக்லாண்ட், லொரெய்ன் கௌண்டி என்ற இரண்டு சமுதாயக் கல்லூரிகளைச் சேர்ந்த தோழர்கள் கார்ல் ஸ்டிட்ஸ், ஜெஃப் ஸீகர் ஆகியோர் அல்ஜீப்ராவுக்கு ஒரு பெரிய நூல் எழுதி அதையும் இலவசமாக்கினார்கள். வாஷிங்டன் மாகாணத்துப் பியர்ஸ் கல்லூரியைச் சேர்ந்த தோழர் டேவிட் லிப்மன், கணித நூல்கள் எழுதியதோடு நிற்காமல், மாணாக்கன் கணக்குப் போட்டவுடன் சரியா தப்பா என்று சொல்லுகின்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டையும் தாமே செய்து, அதையும் பொதுச் சொத்தாக்கிவிட்டார்.

இவ்வளவு பேரும் ஏன் இலவசமாக்கினார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பாடப் புஸ்தகத்தின் விலை நூறு டாலருக்கு மேல் போவது சகஜம். பெரிய சர்வகலாசாலையில் இருக்கின்ற பண்டிதருக்கு அது தெரியாமலும் போகலாம். ஆனால் சமுதாயக் கல்லூரி உபாத்தியாயருக்குத் தெரியாமல் போக முடியாது. வகுப்பு ஆரம்பித்து மூன்று வாரமாகியும் புஸ்தகமில்லாமல் உட்கார்ந்திருப்பவனைத் தினமும் கண்ணால் பார்க்கின்றவர் அவர். புஸ்தகம் வாங்குவதா, வீட்டு வாடகை கொடுப்பதா என்று திண்டாடுகின்றவன் அவருடைய மாணாக்கன். ஆகவே அவருடைய நூல் பிறந்த இடம் அந்தத் திண்டாட்டம். அவர் இருந்த இடம் தாழ்ந்தது என்று எதனால் சொன்னார்களோ, அதனாலேயே அவருக்கு மற்றவர் காணாதது கண்ணில் பட்டது.

பாடப் புஸ்தகம் மட்டுந்தானா என்றால், இல்லை. ஃபூட்ஹில் கல்லூரியில் 1992 முதல் 2017 வரையில் வானநூல் நடத்திய தோழர் ஆண்ட்ரூ ஃப்ராக்னாயைப் பாருங்கள். சூரியனைச் சுற்றும் சிறு கோள் ஒன்றுக்கு, 4859 என்ற எண்ணுள்ளதற்கு, அவர் பெயரை வைத்திருக்கின்றார்கள். நாசாவில் பணியாற்றிய டேவிட் மாரிசன், தேசிய வானாய்வு நிலையத்தின் தலைமையில் இருந்த சிட்னி உல்ஃப் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய வானநூல் 2016-ல் இலவசமாக வெளிவந்தது. நமது வாசகர்களுக்கு விசேஷமாகப் பிடிக்கக் கூடிய இன்னொரு காரியமும் அவர் செய்திருக்கிறார். நட்சத்திரங்களைக் காட்டிப் பிழைக்கின்ற சோதிடத்தின் பொய்யை எப்படிக் கேள்வி கேட்டுத் தகர்ப்பது என்று 1989-லேயே ஒரு வானநூல் பத்திரிகையில் எழுதி, அன்று தொட்டுப் பிரசாரமும் செய்து வருகின்றவர். நட்சத்திரத்தை உண்மையில் தெரிந்தவரே நட்சத்திரத்தின் பேரால் நடக்கும் ஏமாற்றத்தை வெளிப்படுத்துகின்றார் என்றால், அதைவிட மேலான ஆராய்ச்சி என்ன வேண்டும்?

இன்னொருவர் பாலோமர் கல்லூரியின் தாவர நூலாசிரியர் தோழர் வேன் ஆர்ம்ஸ்ட்ராங். குளத்து நீரின் மேல் பச்சைப் பொடி தூவியது போல் சில செடிகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகை ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இல்லாதது. வேரில்லை, இலையில்லை, ஆனால் பூக்கும். பூக்கின்ற செடிகளிலெல்லாம் மிகச் சிறியது அதுதான். நாம் கையால் ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் மொள்ளுகின்ற அந்தப் பச்சையைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிகளில் ஒன்றாக எடுத்துக் கொண்டவர் அவர். கலிபோர்னியாவின் செடிகொடிகளுக்கெல்லாம் ஆதார நூலாக விளங்குகின்ற ஜெப்சன் நூலில் அந்தக் குடும்பத்தைப் பற்றிய பகுதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்நூலை வெளியிட்டதோ கலிபோர்னியா சர்வகலாசாலை அச்சகம். ஆராய்ச்சி சர்வகலாசாலைக்கே உரியது என்று 1960-ல் எழுதி வைத்தார்கள். ஆனால் குளத்துப் பாசியைப் பற்றி யாரைக் கேட்பது என்று வந்த போது இளநிலைக் கல்லூரி உபாத்தியாயரைத்தான் கேட்க வேண்டியதாயிற்று.

உபாத்தியாயர்களைப் போலவே மற்றச் சிப்பந்திகளையும் மறந்துவிடக் கூடாது. வர்ஜீனியாவில் டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரி 2013-ல் ஒரு ஏற்பாடு செய்தது. வியாபார நிர்வாகப் பட்டப் படிப்பு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரைக்கும் மாணாக்கன் ஒரு புஸ்தகம் கூட விலைக்கு வாங்காமலே முடிக்கலாம் என்று ஆக்கிற்று. அமெரிக்காவிலேயே அதுதான் முதல். இப்படிப்பட்ட காரியம் வாத்தியார்களால் மட்டும் ஆகிவிடாது. எந்த நூல் நம்பத்தகுந்தது, எதற்கு அனுமதி உண்டு, எது எங்கே கிடைக்கும் என்று தேடி எடுத்துக் கொடுக்கின்ற நூலகத்தார் இல்லாமல் முடியாது. ஆனால் நூலகத்தில் வேலை பார்ப்பவர் என்றால் புஸ்தகத்தை எடுத்து அடுக்குகின்றவர் என்றுதான் ஜனங்களுக்கு நினைப்பு. நியூயார்க் மாகாணத்தில் ஃபிங்கர் லேக்ஸ் சமுதாயக் கல்லூரியோ, முதலிரண்டு வருஷ மாணாக்கனும் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒரு இயக்கத்தையே தொடங்கி, தேசிய விஞ்ஞான நிதியின் உதவியோடு பல மாகாணக் கல்லூரிகளை அதில் சேர்த்தது. ஆராயக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் உபாத்தியாயர் மாத்திரமல்ல, அவருடைய மாணாக்கனே ஆராய்கிறான்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகள் இரண்டு. முதலாவது, பாடப் புஸ்தகம் எழுதுவதும், கற்பிக்கும் முறையைப் பற்றி எழுதுவதும் ஆராய்ச்சியாகாது என்பது. இதற்கு அமெரிக்காவிலேயே பதில் சொல்லியாயிற்று. கார்னெகி நிலையத்தின் தலைவராயிருந்த எர்னஸ்ட் பாயர் அவர்கள் 1990-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், புதிதாகக் கண்டுபிடிப்பது மட்டும் புலமையல்ல. சிதறிக் கிடக்கும் அறிவை இணைப்பதும், அறிவைக் காரியத்தில் பயன்படுத்துவதும், கற்பிப்பதும் புலமையே என்று நான்காக வகுத்துக் காட்டினார். அதற்கும் முன் 1988-ல், சமுதாயக் கல்லூரித் தலைவராயிருந்த ஜார்ஜ் வாகன் அவர்கள், புலமையே இக் கல்லூரிகளுக்கு மரியாதை தேடித் தரும் வழி என்ற கருத்தில் கட்டுரை எழுதினார். இவர்கள் சொல்லுவதற்கு முன்பே உபாத்தியாயர்கள் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். இருவருஷக் கல்லூரிகளின் கணித உபாத்தியாயர்கள் தமக்கென்று ஒரு சங்கம் வைத்துக் கொண்டதும், அக் கல்லூரிகளில் இங்கிலீஷ் கற்பிப்பதற்கென்று தனிப் பத்திரிகை ஏற்பட்டதும் 1974-ல். அதாவது தம்மை எழுத அழைக்காதவர்களின் வாசலில் காத்துக் கிடக்காமல், தமக்கென்று ஒரு திண்ணை கட்டிக் கொண்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபணை, உபாத்தியாயர் எழுத உட்கார்ந்தால் பாடம் கெட்டுப் போகும் என்பது. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கின்றது. எழுதுவதை ஒரு கட்டாயமாக்கி, அதற்கு நேரத்தையும் கொடுக்காமல் விட்டால் பாடமும் கெடும், எழுத்தும் கெடும். நியூயார்க் நகரச் சர்வகலாசாலையைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரிகளில் உபாத்தியாயர் எழுதியதையும் கணக்கில் எடுத்தே வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். ஆனால் அங்கே வருஷத்துக்கு வகுப்பு நேரக் கணக்கு பெரிய கல்லூரியாருக்கு 21, சமுதாயக் கல்லூரியாருக்கு 27 என்று இருந்தது. சங்கத்தார் போராடியதன் பேரில், 2018 முதல் படிப்படியாக 18 என்றும் 24 என்றும் குறைத்தார்கள். இருவருக்கும் குறைந்தது சந்தோஷம். ஆனால் நடுவில் இருந்த ஆறு அப்படியே இருக்கின்றது. ஓட்டப் பந்தயத்தில் இரண்டு பேரை நிறுத்தி, ஒருவன் தலையில் மட்டும் மூட்டையை ஏற்றிவிட்டு, பிறகு அவன் பின்தங்கினான் என்று சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

நாம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அச்சில் வந்ததெல்லாம் அறிவாகிவிடாது. பணத்தை வாங்கிக் கொண்டு எதையும் அச்சுப் போடுகின்ற ஆராய்ச்சிப் பத்திரிகைகள் இன்று உலகமெங்கும் மலிந்து கிடக்கின்றன. எண்ணிக்கைக்காக எழுதுகின்றவர்கள் பெரிய சர்வகலாசாலைகளிலும் உண்டு, சிறிய கல்லூரிகளிலும் உண்டு. ஆகவே சிறிய கல்லூரி உபாத்தியாயர் எழுதியதனாலேயே அது உயர்ந்தது என்று நாம் சொன்னால், பெரிய இடத்தார் எழுதியதனாலேயே உயர்ந்தது என்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. எழுதியது உண்மையா, ஆதாரம் இருக்கிறதா, படித்தவனுக்கு அதனால் பிரயோஜனம் உண்டா என்கின்ற மூன்று கேள்வியை எல்லோரிடத்திலும் ஒன்று போலக் கேட்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்லுவது. கேள்விக்கு முன்பே விலாசத்தைப் பார்த்து மார்க்கு போடக் கூடாது.

சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில், தம்முடைய உபாத்தியாயர்களும் சிப்பந்திகளும் அவ்வருஷத்தில் எழுதியவை, பேசியவை, பெற்ற பரிசுகள் ஆகியவற்றைத் திரட்டிப் பட்டியலாக வெளியிடுகின்ற வழக்கம் இருக்கின்றது. அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றை நம்மிடம் காட்டிய படித்த நண்பர் ஒருவர், “தாதி வேலை கற்றுக் கொடுப்பவர் ஒரு கட்டுரை, நூலகத்தார் ஒரு கட்டுரை, இங்கிலீஷ் வாத்தியார் நாலு கவிதை, இதற்கு ஒரு பட்டியலா?” என்று சிரித்தார். நாம் அவரைக் கேட்டோம்: “ஐயா, தாங்கள் பட்டம் வாங்கி இருபது வருஷமாயிற்றே, தங்களுக்கு ஒரு வரிப் பட்டியலாவது உண்டா?” நண்பர் பட்டியலை மடித்து வைத்துவிட்டார். அவரை மடக்கியதற்காக நாம் சந்தோஷப்படவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவரும் நாமும் யோசிக்க வேண்டும். தாதிக்குக் கற்றுக் கொடுப்பவர், நோயாளியின் படுக்கையண்டை எந்தத் தவறு எப்படி நேருகிறது என்று எழுதினால், அதைப் படித்த ஒரு தாதி ஒரு உயிரைக் காப்பாற்றலாம். ஒருவரும் திறந்து பார்க்காத பெரிய ஆராய்ச்சி நூல் ஒன்று அலமாரியில் இருப்பதால் யாரைக் காப்பாற்றும்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். அப்படிப்பட்ட பட்டியல்கள் பெருக வேண்டும். அவற்றில் முழுநேரக்காரர் பெயரோடு பகுதிநேரக்காரர் பெயரும், பேராசிரியர் பெயரோடு நூலகத்தார், சோதனைச்சாலைச் சிப்பந்தி ஆகியோர் பெயரும் விடாமல் வர வேண்டும். ஆனால் பட்டியல் போட்டுக் கை தட்டுவதோடு கல்லூரி அதிகாரிகளின் கடமை தீர்ந்துவிடாது. கை தட்டுவதற்குச் செலவில்லை; நேரம் கொடுப்பதற்குத்தான் செலவு. எழுதுகின்றவருக்கு ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். உட்கார ஒரு அறை கொடுங்கள். அடுத்த பருவத்துக்கு வேலை உண்டென்று உறுதி கொடுங்கள். மரியாதை என்பது பேருக்கு முன்னால் போடும் எழுத்தில் இல்லை. ஒருவனுடைய நேரத்துக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கின்றது.

தோழர்களே! அமெரிக்காவில் நடப்பது நமக்கு என்னத்துக்கு என்று இருந்துவிட வேண்டாம். மேலே சொன்ன புஸ்தகங்களில் பல இன்று இணையத்தில் காசில்லாமல் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள், வாங்க முடியாத தங்கள் ஊர்ப் பிள்ளையை நினைத்து எழுதினார்கள். ஆனால் கையில் ஒரு செல்போனும், கொஞ்சம் இங்கிலீஷும், தெரிந்து கொள்ள வேண்டுமென்கின்ற ஆசையும் இருந்தால் நமது கிராமத்துப் பையனும் பெண்ணும் கூட இன்றைக்கே அவற்றைத் திறந்து படிக்கலாம். எந்த வாசற்காரனும் நீ யார், என்ன பட்டம் வைத்திருக்கிறாய் என்று கேட்க மாட்டான். அப்படித் திறக்கின்ற போது முதல் பக்கத்திலே ஆசிரியர் பெயரும் அவருடைய கல்லூரியின் பெயரும் இருக்கும். அது ஏதோ கேள்விப்படாத சின்னக் கல்லூரியாயிற்றே என்று மூடிவிடாமல், அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே இருப்பது சரியா என்று பாருங்கள். சரியென்றால் எடுத்துக் கொள்ளுங்கள், தப்பென்றால் தள்ளிவிடுங்கள். யார் பண்டிதர் என்பதை அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது தீர்க்கட்டும். பக்கத்தின் தலையில் போட்டிருக்கும் விலாசம் தீர்க்க வேண்டாம்.